பிரச்சாரத் திட்டத்தில் 'மதிப்பீடு' எப்படி எழுதுவது?

இறுதியாண்டு மாணவி: விளம்பரம், மக்கள் தொடர்பு படிக்கிறேன். புராஜெக்ட், கல்லூரி ரத்த தான முகாமுக்கான பிரச்சாரம். நாளிதழில் வந்த செய்தியின் பரப்பளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கிப் பயன் எவ்வளவு என்று காட்டினால் போதுமா?

பழைய பி.ஆர். (மக்கள் தொடர்புக்காரர்): வேண்டாம். மக்கள் தொடர்புப் பணியை எப்படி அளப்பது என்று 2010-இல் வந்த சர்வதேச நெறிகளான பார்சிலோனா கோட்பாடுகளே அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டன. முகாமைத் திட்டி வந்த செய்திக்கும் அதே தொகைதானே வரும்!

முதலில் இலக்கைத் திருத்துங்கள். 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்பதை அளக்க முடியாது. 'மார்ச் 31-க்குள் முதல்முறை கொடையாளர்களை 40-லிருந்து 100 ஆக்குதல்' என்றால் முடியும். அந்த 40 எங்கிருந்து வந்தது என்றும் காட்டுங்கள். சென்ற முகாமின் பதிவேடு போதும். கருத்தாய்வு என்றால் முன்னும் பின்னும் அதே கேள்விகள், அதே வரிசையில். பலர் பிரச்சாரம் முடிந்தபிறகே கருத்தாய்வு எடுக்கிறார்கள், ஒப்பிட எதுவும் இருக்காது.

களப்பணி: பதிவு செய்தவர், வந்தவர், கொடுத்தவர் மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். 45 கிலோவுக்குக் குறைந்த எடை, டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறைந்த ஹீமோகுளோபின் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது பிரச்சாரத்தின் தோல்வி அல்ல. ஆனால் போஸ்டரிலேயே தகுதியைச் சொல்லாதது உங்கள் தவறுதான்.

மாணவி: இன்ஸ்டாகிராம் லைக்குகளைச் சேர்க்கலாமா?

பழைய பி.ஆர்.: பின்னிணைப்பில் போடுங்கள். பதிவுப் படிவத்தில் 'எப்படித் தெரிந்தது?' என்று ஒரு கேள்வி வையுங்கள், அதைவிடப் பயன்படும்.