சுக்கான் நிலத்தில் புல் மஞ்சளாகுது, ஜிப்சம் போடலாமா?

கேள்வி: ஆரல்வாய்மொழி பக்கம் ஆடு மேயுற மானாவாரி நிலம். ஒரு முழத்துக்குக் கீழே சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி). கார அமில நிலை (pH) 8.3. கொழுக்கட்டைப் புல்லில் இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஜிப்சம் போடலாமா?

பதில் 1: வேண்டாம் அண்ணே. அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு. ஜிப்சம் தர்ற கால்சியம் இங்கே ஏற்கெனவே மிச்சம். மண்கட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விடுங்க, நுரைச்சா சுண்ணாம்புதான். இந்த மஞ்சள் இரும்புக் குறை; சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. 10 லிட்டர் தண்ணியில் முதல்ல 10 கிராம் சிட்ரிக் அமிலம், அப்புறம் 100 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைச்சு அன்னிக்கே சாயங்காலம் தெளிங்க. பழுப்பேறின கரைசல் வீண். மண்ணில் தூவினாலும் துருவாகிரும்.

பதில் 2: தார் பாலைவன மேய்ச்சல் நிலத்திலும் இதே கதை. குறைஞ்ச மழை சுண்ணாம்பைக் கொஞ்ச ஆழம்தான் இறக்கும், அங்கேயே கல்லா உறையும். விளவங்கோடு பக்கம் அதிக மழை சுண்ணாம்பை அரிச்சுட்டுப் போயிரும், அதான் அங்கே புளிப்பு மண். சூப்பர் பாஸ்பேட்டைச் சும்மா தூவாதீங்க, கால்சியத்தோட பிணைஞ்சுரும். தொழுவுரத்தோட கலந்து வரிசையில் போடுங்க. யூரியா மேலே கிடந்தா அம்மோனியாவா பறந்துரும், மூடணும்.

கேட்டவர்: நுரை பார்க்க அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலா எலுமிச்சைச் சாறு விடலாமா?

பதில் 1: சுண்ணாம்பு நிறைய இருந்தாத்தான் நுரைக்கும், கொஞ்சமா இருந்தா ஏமாத்திரும். தெளிச்ச இடத்தில் சில நாள் ஆட்டை விடாதீங்க.