புடாபெஸ்ட் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். ஆந்திராஷி சாலைக்கு அடியில் ஓடும் மஞ்சள் மெட்ரோ 1896இல், பேரரசர் பிரான்ஸ் ஜோசப் காலத்தில் திறந்தது. பொம்மை ரயில் மாதிரி சின்னப் பெட்டிகள். அதில் போய் இறங்கினால் பக்கத்திலேயே 60ஆம் எண் கட்டடம். ஹங்கேரியின் உள்ளூர் நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சிக்கு 1944இல் இதுதான் தலைமையகம். போர் முடிந்ததும் கம்யூனிஸ்டுகளின் அரசியல் போலீஸ் அதே கட்டடத்துக்குக் குடிவந்தது. ஆள்தான் மாறினார்கள், விலாசம் மாறவில்லை. 2002 முதல் 'பயங்கரத்தின் இல்லம்' (House of Terror) என்ற அருங்காட்சியகம்.

உள்ளே முற்றத்தில் ஒரு டாங்க், பின்னால் சுவர் முழுக்கப் பலியானவர்களின் முகங்கள். நிலவறைக்குப் போகும் லிஃப்ட் வேண்டுமென்றே மெதுவாக இறங்குகிறது. தூக்குத் தண்டனையை எப்படி நிறைவேற்றுவார்கள் என்று அதற்குள் ஒருவர் திரையில் விவரிக்கிறார். கூட வந்த அண்ணி, ஏறிப்போகப் படி இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். எனக்கு ஒரு குறை உண்டு. கம்யூனிஸ்ட் காலத்துக்குத்தான் பெரும்பாலான அறைகள். நாஜி காலம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

— அந்தக் குறை எனக்கும் உண்டு. சுதந்திரச் சதுக்கம் போனீர்களா? ஜெர்மன் ஆக்கிரமிப்பில் பலியானவர்களுக்காக 2014இல் அரசு வைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. ஹங்கேரி ஒரு பாவமும் அறியாத கபிரியேல் தேவதூதராம், ஜெர்மனி மேலிருந்து பாயும் கழுகாம். 1944 மே முதல் ஜூலைக்குள் 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை நாஜி மரண முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பியதில் ஹங்கேரியப் போலீஸுக்கும் பெரிய பங்கு உண்டே! அதனால் மக்கள் எதிர்ப்பாக, சின்னத்துக்கு எதிரிலேயே குடும்பப் புகைப்படம், பழைய பெட்டி, செருப்பு, கடிதம் என்று தாங்களாகவே வைத்திருக்கிறார்கள். நான் தேவதூதரை இரண்டு நிமிடம் பார்த்தேன். மீதி நேரமெல்லாம் கடிதங்கள் பக்கம்தான். சோவியத் படைக்கான நினைவுத் தூணும், சோவியத்தை எதிர்த்த அமெரிக்க அதிபர் ரீகனின் சிலையும் இதே சதுக்கத்தில்தான், அது தனிக் கூத்து.

— நாடாளுமன்றத்துக்கு எதிரே வேளாண் அமைச்சகச் சுவரைப் பாருங்கள். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 புரட்சியின்போது, அக்டோபர் 25 அன்று திரண்ட மக்கள்மீது அந்தச் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. குண்டு பட்ட இடங்களில் உலோக உருண்டைகள் பதித்திருக்கிறார்கள். அப்புறம், அந்தப் புரட்சியின் பிரதமர் இம்ரே நாகியின் சிலையைப் பழைய வழிகாட்டியை நம்பி அங்கே தேடாதீர்கள். 1958இல் தூக்கிலிட்டு, 1989இல் மரியாதையோடு மறு அடக்கம் செய்த மனிதர். 2018 டிசம்பரில் சிலையைப் பெயர்த்து யாசாய் மாரி சதுக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மார்கரெட் பாலத்துப் பக்கம், நடந்தே போகலாம்.