சிங்கப்பூரோட வசந்தம் டிவி சேனல் கம்ப்யூட்டர்ல மட்டும் கோடு கோடா தெரியுது, ட்யூனர் கார்டை மாத்தணுமா?

உட்லண்ட்ஸ்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். என் ரூம்ல இருக்குற டெஸ்க்டாப்ல டிவிபி-டி2 (இங்க டிஜிட்டல் டிவி ஒளிபரப்பு வர்ற முறை) ட்யூனர் கார்டு ஒண்ணு போட்டிருக்கேன், ஆன்டெனாவுல வர்ற சேனலை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வர்றது அதுதான், அம்மா ஷிஃப்ட் வேலைக்குப் போறதால ராத்திரி வர்ற நாடகத்தை ரெக்கார்ட் பண்ணி வெச்சா மறுநாள் வந்து பாப்பாங்க, அதுக்குத்தான் வாங்கினதே. சேனல் எல்லாம் ஒழுங்கா கிடைக்குது, ஆனா படம்தான் சரியில்ல. டான்ஸ் நிகழ்ச்சியில யாராவது வேகமா கை வீசினா கையோட விளிம்பு சீப்புப் பல்லு மாதிரி பிரிஞ்சு தெரியுது. செய்தி போகும்போது கீழ ஓடுற எழுத்து வழுக்கிட்டு போகாம திக்கித் திக்கி போகுது. கறுப்பு கறுப்பா இல்ல, சாம்பல் பூசின மாதிரி வெளிறிப் போயிருக்கு. இது போக சில நாள் ராத்திரி படம் கட்டம் கட்டமா உடைஞ்சு சத்தமும் வெட்டி வெட்டி வருது. ஹால்ல இருக்குற டிவியில (அதுக்கு வேற ஆன்டெனா) இதுல ஒண்ணுமே கிடையாது. பாக்குறது விஎல்சி பிளேயர்ல, மானிட்டர் எச்டிஎம்ஐ வயர்ல போகுது, என் ஆன்டெனா ஜன்னல் கம்பியில கட்டின சின்னது, பூஸ்டர் (சிக்னலைக் கூட்டுறது) வெச்சது. கடையில கேட்டா இன்னும் விலை கூடின கார்டு வாங்குங்கன்னு சொல்றாங்க. காசு செலவு பண்ணலாமா வேணாமா, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

தேனி2சிங்கை:
எதுக்குங்க இவ்வளவு கஷ்டம், மீவாட்ச் ஆப்ல வசந்தம் லைவாவே வருதே, நாடகமும் பின்னாடி போட்டுடுறாங்க. எங்க வீட்ல ஆன்டெனாவே இல்ல.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றிங்க, அதுவும் பாப்போம். ஆனா அம்மாவுக்கு ஆப் திறந்து லாகின் பண்ணித் தேடுறதெல்லாம் வராது, ஃபோல்டர்ல ஃபைலைத் தொட்டா ஓடணும், அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும். அதனால கார்டு வழியாவே சரி பண்ணணும்னு பாக்குறேன்.

பழைய_ஆன்டெனா:
தம்பி, கடைக்காரர் சொல்றதைக் கேட்டு காசை விட்டுடாதீங்க. நான் டிவி ரிப்பேர் தொழில்லயே இருந்தவன், அனலாக் காலத்து ட்யூனர் கார்டுல இருந்து பாத்துட்டு வர்றேன். அப்ப கார்டை மாத்தினா படம் மாறுங்கிறது உண்மைதான், ஏன்னா காத்துல வர்ற அனலாக் சிக்னலைப் பிரிச்சு டிஜிட்டலா மாத்துற வேலையே அந்த கார்டுலதான் நடக்கும், மட்டமான கார்டுன்னா கலர் வழியும், நிழல் நிழலா இரட்டையா தெரியும், கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருக்குற இரைச்சல் எல்லாம் படத்துல புள்ளியா வந்து விழும். இப்ப அந்தக் கதை இல்ல. சிங்கப்பூர்ல 2018 கடைசியோட அனலாக் நின்னு போச்சு, முழுக்க டிவிபி-டி2 தான். டிஜிட்டல் கார்டு படமே செய்யறது இல்ல, வசந்தத்தை நடத்துற மீடியாகார்ப் அனுப்புற டேட்டாவை வாங்கி அப்படியே கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடுது, அவ்வளவுதான். உங்க ஹால் டிவிக்குப் போற அதே டேட்டாதான் உங்க ஹார்ட் டிஸ்க்குலயும் விழுது. படமா மாத்துறது பிளேயரும் கிராஃபிக்ஸ் கார்டும்.

இப்ப ஒவ்வொண்ணா பாருங்க. கை விளிம்பு பிரியுதுன்னீங்களே, அது சிக்னல் கோளாறே இல்ல. நமக்கு வர்ற எச்டி ஒளிபரப்பு இன்டர்லேஸ்டு, அதாவது ஒரு செகண்டுக்கு 50 பாதிப் படம், ஒரு பாதியில ஒத்தைப்படை கோடுகள், அடுத்த பாதியில ரெட்டைப்படை கோடுகள். ரெண்டு பாதியும் ஒரே நேரத்துல எடுத்தது கிடையாது, நடுவுல கை நகர்ந்திருக்கும், பிளேயர் ரெண்டையும் அப்படியே ஒட்டிக் காட்டினா பல்லு பல்லாதான் தெரியும். டிவி செட்டுக்குள்ள அதைச் சேர்க்கறதுக்குன்னே சிப் இருக்கு, கம்ப்யூட்டர்ல நாமதான் சொல்லணும். விஎல்சியில வீடியோ மெனுவுக்குப் போய் டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணுங்க, கீழயே மோடுன்னு இருக்கும், அதுல யாடிஃப் 2எக்ஸ் (பாதிப் படத்தை முழுப் படமா ஆக்குற ஒரு முறை) வைங்க. வெறும் யாடிஃப் வெச்சா கோடு போயிடும், ஆனா செகண்டுக்கு 25 படம்தான் வரும், டான்ஸும் கிரிக்கெட்டும் பாக்க நல்லாவே இருக்காது. 2எக்ஸ்ல 50ம் வரும்.

ஓடுற எழுத்து திக்குறதுக்கு பாதிக் காரணம் இதுவேதான். மீதிப் பாதி மானிட்டர். அது 60 ஹெர்ட்ஸ்ல ஓடும், அதாவது செகண்டுக்கு 60 தடவை படத்தைப் புதுசா காட்டும், வர்றது 50, அப்ப ஒவ்வொரு அஞ்சு படத்துக்கும் ஒண்ணை ரெண்டு தடவை காட்டியே ஆகணும், கண்ணு அதை உடனே பிடிச்சிடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல 50 ஹெர்ட்ஸ் இருக்கான்னு பாருங்க, நிறைய மானிட்டர்ல இருக்கும், டிவி பாக்குறப்ப மட்டும் மாத்திக்கலாம்.

சாம்பல் விஷயம், டெஸ்க்டாப்பே வெளிறித் தெரியுதா இல்ல வீடியோ மட்டுமா? வெளிச்சத்தை நம்பராதான் வெச்சிருக்கும், வீடியோவுல கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235ன்னு கணக்கு, மானிட்டருக்கோ 0ல இருந்து 255. எங்கயோ ஒரு இடத்துல மாத்தாம போகுது. எல்லாமே வெளிறியிருந்தா கிராஃபிக்ஸ் டிரைவர்ல எச்டிஎம்ஐ ரேஞ்ச் லிமிடெட்னு இருக்கும், ஃபுல் ஆக்குங்க. வீடியோ மட்டும்னா அதே டிரைவர்ல வீடியோ கலர் பக்கத்துல பாருங்க.

கட்டம் கட்டமா உடையறது மட்டும்தான் நிஜமாவே சிக்னல் விஷயமா இருக்கலாம், ஆனா அதையும் சும்மா நம்பிட வேணாம். உடைஞ்ச நாள் ரெக்கார்டிங்கை எடுத்து ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல உடைஞ்சா ஆன்டெனா வழியாவே கெட்டுப் போய் வந்திருக்கு. வேற வேற இடத்துல உடைஞ்சாலோ, ரெக்கார்டிங் சுத்தமா இருந்தாலோ கம்ப்யூட்டர்தான் திணறுது, அப்ப ஹார்ட்வேர் டீகோடிங் (டேட்டாவைப் படமா மாத்துற வேலையை கிராஃபிக்ஸ் கார்டுக்கு விடறது) ஆன் பண்ணினா போதும்.

பூன்லே_அக்கா:
அண்ணன் சொன்னது ரொம்ப சரி. ஆன்டெனா பத்தி நான் ஒண்ணு சொல்றேன் தம்பி, உங்க பூஸ்டரைக் கழட்டிப் பாருங்க. எங்க வீட்டுல இருந்து புக்கிட் பாத்தோக் டிவி ஒளிபரப்பு டவர் கிட்டத்துலயே, இங்க பூஸ்டர் போட்டா சிக்னல் அளவுக்கு மீறிப் போய் ட்யூனர் தாங்க மாட்டேங்குது, கழட்டினதும் படம் உடையறது நின்னுடுச்சு. உட்லண்ட்ஸ்ல உங்களுக்கு மலேசியா ஜொகூர் பக்கத்து அலையும் நல்லா அடிக்கும், பூஸ்டர் எது வேணும் எது வேணாம்னு பாக்காது, எல்லாத்தையும் சேத்து ஏத்திவிடும். ட்யூனர் சாஃப்ட்வேர்ல ஸ்ட்ரெங்த்னு ஒண்ணு குவாலிட்டின்னு ஒண்ணு இருக்கும், ஸ்ட்ரெங்த் 90ன்னு காட்டி குவாலிட்டி ஆடிக்கிட்டே இருந்தா அதுதான் பிரச்சினை, குவாலிட்டியை மட்டும் பாருங்க. அப்புறம் ஜன்னல் கம்பியில கட்டாதீங்க, இரும்பு ஒட்டியே இருந்தா ஆன்டெனா ஒழுங்கா வேலை செய்யாது, கொஞ்சம் தள்ளி வைங்க, கம்ப்யூட்டர் பெட்டி மேலயும் வேணாம்.

உட்லண்ட்ஸ்வாசி:
அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. யாடிஃப் 2எக்ஸ் வெச்சதும் பல்லு பல்லா தெரிஞ்சது சுத்தமா போயிடுச்சு. டெஸ்க்டாப்பும் சேந்துதான் வெளிறி இருந்திருக்கு, டிரைவர்ல ஃபுல் ஆக்கினேன், கறுப்பு இப்ப கறுப்பாவே இருக்கு. 50 ஹெர்ட்ஸ் மட்டும் என் மானிட்டர் லிஸ்ட்ல இல்ல, 60ம் 75ம்தான் காட்டுது. உடைஞ்ச ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாத்தேன், ஒரு வசனம் பேசற நேரத்துல சரியா அதே இடத்துல உடையுது, அதனால ஆன்டெனாதான். பூஸ்டர் ப்ளக்கைப் பிடுங்கினா சேனலே வரல அக்கா, என்ன பண்றது?

பூன்லே_அக்கா:
பூஸ்டர் உள்ளயே இருக்குற ஆன்டெனாவுக்கு கரண்ட் இல்லன்னா சிக்னல் உள்ளயே நின்னுடும் தம்பி, அதை அப்படி சோதிக்க முடியாது. பூஸ்டர் இல்லாத சாதா ஆன்டெனா ஒண்ணு யார்கிட்டயாவது இரவல் வாங்கிப் பாருங்க. இல்லன்னா ஹால் ஆன்டெனா வயரை ஒரு ராத்திரி இழுத்துட்டு வந்து உங்க கார்டுல சொருகுங்க, உடையாம ஓடிச்சுன்னா கார்டு மேல ஒரு குத்தமும் இல்ல, ஸ்ப்ளிட்டர் போட்டு ஹால் ஆன்டெனாவையே ரெண்டுக்கும் பிரிச்சுக்கலாம்.

பழைய_ஆன்டெனா:
75 ஹெர்ட்ஸ் இந்த விஷயத்துக்கு உதவாது தம்பி, 60லயே விட்டுடுங்க, இல்லன்னா டிரைவர்ல கஸ்டம் ரெசல்யூஷன்னு இருக்கும், அதுல 50 சேத்துப் பாருங்க, மானிட்டர் ஏத்துக்கலன்னா கொஞ்ச நேரத்துல தானா பழையபடி வந்துடும். அம்மா ஹால்ல உக்காந்து பாக்குறதுன்னா அந்த ரெக்கார்டிங் ஃபைலை யுஎஸ்பில போட்டு டிவியிலயே சொருகிடுங்க, நிறைய டிவி அதை நேரா ஓட்டும், அங்க இந்த செட்டிங் ஒண்ணுமே தேவைப்படாது.