விண்கலத்துக்கு ஆள் எடுக்கிறேன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். என் அறிவியல் புனைகதை பாதியில் நிற்கிறது. கலம் தயார், ஏறுவதற்குத்தான் ஆள் போதவில்லை. வேற்றுக்கிரகவாசி என்று சொல்லி, காதை நீட்டி, பச்சை பூசிய மனிதர்கள் எனக்கு வேண்டாம்.

இதுவரை மூன்று பேரைப் பிடித்திருக்கிறேன். விமானி குறிஞ்சிச் செடி மாதிரி. எங்கள் மலையில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைவிட்டு, மடிந்துவிடும். இவளும் அப்படித்தான்: 12 ஆண்டு மௌனம், ஒரே ஒரு பருவம் பேச்சு, அப்புறம் மகள் பொறுப்பேற்பாள். இன்ஜினைப் பார்த்துக்கொள்வது ஆக்டோபஸ் வகை. ஆக்டோபஸின் நரம்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது. அதனால் என் இன்ஜினியரின் எட்டுக் கைகளும் ஆளுக்கொரு கருத்து சொல்லும். (எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சு இப்படித்தான் நடக்கும்.) மூன்றாமவர் ஈரப்பாசியில் வாழும் நீர்க்கரடிக்குத் தூரத்துச் சொந்தம். நிஜ நீர்க்கரடி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. 2007-இல் விண்வெளிக்கு அனுப்பியபோது வெற்றிடத்தில் கிடந்தும் பிழைத்தது. வெளியே ரிப்பேர் என்றால் இவர்தான்.

சிக்கல் இனிமேல்தான். ஒருவருக்கு மண், ஒருவருக்கு உப்புத்தண்ணீர், ஒருவருக்குப் பாசி. ஒரே கலத்தில் எப்படிக் குடிவைப்பது? இன்ஜினியர் தோல் நிறத்தை மாற்றிப் பேசினால் கண்ணில்லாத விமானிக்கு எப்படிப் புரியும்? வாசனையில் பேசவிட்டுப் பார்த்தேன், அவசரக் காட்சி சொதப்பிவிட்டது. வாசனை போய்ச் சேர்வதற்குள் கலம் மோதிவிடும்!

நான்காவதாக ஒரு மருத்துவரும் வேண்டும். தேனீக் கூட்டம் வேண்டாம், நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். உயிரியல் படித்த அக்கா, அண்ணன்மார் யாராவது சொல்லுங்களேன், காளானை டாக்டராக்கலாமா?