ஹைலக்ஸ் ரிவர்ஸ் லைட் போதவில்லை, செம்பனைக் காட்டில் பின்னால் ஒன்றும் தெரிவதில்லை

சிப்புட்_ஏழு_ஏக்கர்:
வணக்கம். என் காடி (வண்டி) 2012 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், மேனுவல். சுங்கை சிப்புட் பக்கம் அப்பாவின் செம்பனை ஏழு ஏக்கர். பகலில் எனக்கு ஈப்போவில் வேலை. வெட்டிப் போட்ட குலைகளைச் சாயங்காலம் வந்துதான் ஏற்றி, குலை வாங்கும் ரேம்ப்புக்குக் கொண்டு போவேன். ஏழரை தாண்டினால் மரத்தடியில் கும்மிருட்டு. திருப்ப இடம் கிடையாது, கால்வாய் ஓரமாக நூறு அடி ரிவர்ஸில்தான் வர வேண்டும்.

போன மாதம் மழை விட்ட நேரம், அப்பா பின்னால் நின்று டார்ச் அடித்து வழி காட்டினார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. மட்டையில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். மிரரில் டார்ச் வெளிச்சம் சட்டென்று காணாமல் போனது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கி ஓடினேன். டயருக்கும் அவர் காலுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

பல்பைக் கழற்றிப் பார்த்தேன். 21 வாட், அடியில் ஒரே புள்ளி, பக்கத்தில் இரண்டு காது. கண்ணாடி உள்ளே புகை படிந்த மாதிரி கறுத்திருக்கிறது. எல்இடி பல்ப் மாற்றினால் போதுமா, தனியாக லைட் போட வேண்டுமா? பழைய வயரிலேயே சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். செய்யலாமா?

லோரி_வயர்மேன்:
தம்பி, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிது.

அந்த 21 வாட் பல்ப் புதிதாக இருக்கும்போதே 460 லூமன்தான். கறுத்த பிறகு அதுவும் இல்லை. முதலில் லென்ஸைக் கழற்றி உள்ளேயும் கழுவுங்கள். எல்இடி பல்ப் போட்டால் வெளிச்சம் வெள்ளையாகும், ஆனால் நூறு அடி கால்வாய் ஓரத்துக்கு அது பற்றாது. தனி லைட் போடுங்கள்.

பழைய வயரில் சேர்க்காதீர்கள். இரண்டு பல்புக்கு இப்போதே மூன்றரை ஆம்பியர் ஓடுகிறது. இரண்டு 18 வாட் லைட்டைச் சேர்த்தால் இன்னொரு மூன்று. அவ்வளவும் கியர்பாக்ஸில் இருக்கும் அந்தச் சின்ன ரிவர்ஸ் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். கொஞ்ச நாளில் அதன் உள்முனை கருகிவிடும்.

நாலு கால் ரிலே ஒன்று வாங்குங்கள். சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது, ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் எண் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-ஆம் எண் காலுக்கு. 10 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 87-லிருந்து லைட்டுக்கு. ரிவர்ஸ் வயரிலிருந்து 86-க்கு, 85 எர்த். இப்படிச் செய்தால் பழைய வயர் ரிலேயை இழுக்க மட்டும்தான். ரிவர்ஸ் வயர் எது என்று பார்க்க எஞ்சினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, கியரை ரிவர்ஸில் போட்டு டெஸ்ட் லைட்டால் தொட்டுப் பாருங்கள்.

லைட்டை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். நிறையப் பேர் மேலே ரேக்கில் மாட்டுகிறார்கள். குலை ஏற்றியதும் பின்கதவு கீழே இறங்கி நிற்கும், அதன் நிழல் நேராகக் கால்வாய் மேலேயே விழும். பம்பருக்குக் கீழே மாட்டுங்கள். வெளிச்சம் தாழ்வாகத் தரையோடு போனால் பள்ளம் கறுப்பாகவும் மேடு வெள்ளையாகவும் பிரிந்து தெரியும். அகலமாகப் பரவும் லைட்டாக இருக்கட்டும், தூரத்துக்குப் பாயும் லைட் இந்த வேலைக்கு உதவாது.

கூலிம்_அக்கா:
தனி சுவிட்ச் வைத்து முன்னால் போகும்போதும் எரிய விடாதீர்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கண் கூசிச் சாலையை விட்டு இறங்கிவிடுவார். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடித்தாலும் பதில் சொல்ல முடியாது. வெள்ளை லைட், ரிவர்ஸ் கியரில் மட்டும்.

தீம்பார்_ஸ்டோர்:
நான் எஸ்டேட் ஸ்டோரில் இருப்பவன், ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காடியில் உரம் ஏற்றுகிறீர்களா? பொட்டாஷ் உரம் உப்புதான். ஈரம் பட்டால் எர்த் போல்ட்டை ஆறு மாதத்தில் பச்சையாக்கிவிடும். எர்த் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். அப்புறம் எலி. செம்பனைக் காட்டு எலிக்கு வயர் என்றால் உயிர். நெளிவுக் குழாய்க்குள் விட்டுத்தான் இழுக்க வேண்டும். லைட் ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) இல்லாவிட்டால் செம்மண் சேற்றுக்குத் தாங்காது.

சிப்புட்_ஏழு_ஏக்கர்:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க இதே வேலை. ரிலே, வயர், இரண்டு லைட் எல்லாம் சேர்த்து 140 வெள்ளி. வயர்மேன் அண்ணன் சொன்னபடியே பம்பருக்குக் கீழே, கொஞ்சம் தரையைப் பார்க்கச் சாய்த்து மாட்டினேன். நேற்றுச் சாயங்காலம் முழு லோடு ஏற்றி ரிவர்ஸ் வந்தேன். கால்வாய்த் தண்ணீர் மினுங்குவது தெரிகிறது. அடுக்கி வைத்த மட்டையின் முள்கூடத் தெரிகிறது. அக்கா, தனி சுவிட்ச் வைக்கவில்லை.

அப்பா இன்னமும் டார்ச்சோடுதான் வருகிறார், ஆனால் பின்னால் நிற்பதில்லை. டிரைவர் கதவுப் பக்கமாக, என் கண்ணுக்கு முன்னால் நடக்கச் சொல்லிவிட்டேன். இடது லைட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் கால்வாய்ப் பக்கம் திருப்ப வேண்டும்.