பாராடெனிக் ஹோஸ்ட்: ‘தங்குநிலை விருந்தோம்பி’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

காட்டுப்பன்றியின் ஒட்டுண்ணிப் புழுக்கள் பற்றிய இவ்விழையில் ‘பாராடெனிக் ஹோஸ்ட்’ (ஒட்டுண்ணி மேற்கொண்டு வளராமல் உயிரோடு மட்டும் தங்கியிருக்கும் விருந்தோம்பி, அதாவது அதற்கு இடந்தரும் உயிரி) என்பதற்குக் ‘கடத்து விருந்தோம்பி’, ‘துணை விருந்தோம்பி’ என இரு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முன்னதைக் கேட்டவுடன் கொசு, உண்ணி முதலிய நோய்கடத்திகளே நினைவுக்கு வரும். பின்னதோ எதற்குத் துணை என்பதைச் சொல்லவில்லை.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். காட்டுப்பன்றியின் நுரையீரலில் வாழும் மெட்டாஸ்ட்ராங்கைலஸ் புழுவின் முட்டைகள் பன்றியின் சாணத்தோடு வெளியேறுகின்றன. அவற்றை விழுங்கும் மண்புழுவின் உடலுக்குள் இளம்புழு மூன்றாம் பருவம் வரை வளர்கிறது. பன்றி மண்ணைக் கிளறி அம்மண்புழுவைத் தின்றதும், இளம்புழு குடலைத் துளைத்து நிணநீர் வழியாக நுரையீரலை அடைந்து, மூச்சுக்கிளைக்குழல்களில் முதிர்ந்து முட்டையிடுகிறது. இங்கே இளம்புழு வளரும் மண்புழு இடைநிலை விருந்தோம்பி, புழு முதிர்ந்து முட்டையிடும் பன்றி முதல்நிலை விருந்தோம்பி. பாடநூல்களில் பழகிய இவ்விரு சொற்களும் குறையின்றிப் பொருந்துகின்றன.

சிக்கல் எழுவது ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளில் காணப்படும் அலேரியா அலாட்டா என்னும் தட்டைப்புழுவில்தான். அதற்கு நரியும் ரக்கூன் நாயும் முதல்நிலை. நத்தையும் தவளையும் இடைநிலை. தவளையைத் தின்ற பன்றியின் உடலில் அது முதிர்வதுமில்லை, அடுத்த பருவத்துக்கு மாறுவதுமில்லை. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுள்ள மீசோசெர்கேரியா என்னும் இளம்பருவத்திலேயே தசையிலும் கொழுப்பிலும் உயிரோடு இருந்து, அந்த இறைச்சி நரியின் வயிற்றுக்குப் போனபின் வளர்ச்சியைத் தொடர்கிறது. நரி தவளையை நேராகவே தின்னலாம் என்பதால், பன்றி இல்லாவிட்டாலும் சுழற்சி நின்றுவிடாது. எனினும் பல தவளைகளிலிருந்து வந்த புழுக்கள் ஒரே பன்றியில் சேர்ந்துகொண்டே போவது கவனிக்கத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வேட்டையாடிய பன்றியின் இறைச்சியில், உண்பவருக்கு நோய் தரும் ட்ரைக்கினெல்லா என்னும் தசைப்புழு உள்ளதா என்று சோதிப்பார்கள். உதரவிதானம் போன்ற தசையைப் பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீரில் செரிக்கவைத்து, அடியில் படிந்ததை உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கையில், சுருண்டு கிடக்கும் ட்ரைக்கினெல்லாவைத் தேடும் கண்ணுக்கு, நீண்டும் சுருங்கியும் நெளிகின்ற அலேரியா என்னும் இந்த வேற்றுப் புழு தற்செயலாக அகப்படுவதுண்டு. அந்தச் சோதனையில் இது பெரும்பாலும் தப்பிவிடுவதால், நறுக்கிய இறைச்சியை வெதுவெதுப்பான நீரில் இட்டு, புழு தானாகவே வெளியேறி அடியில் இறங்கச் செய்யும் தனிமுறை ஒன்று ஜெர்மனியில் வகுக்கப்பட்டது.

ஆகவே ‘தங்குநிலை விருந்தோம்பி’ என்பதை முன்வைக்கிறேன். சத்திரத்தில் தங்குபவர் அங்கே குடும்பம் பெருக்குவதில்லை. கூட்டம் மட்டும் சேரும். முதல்நிலை, இடைநிலை என்ற வரிசையிலும் இது இயல்பாக அமர்கிறது. ‘உறங்குநிலை விருந்தோம்பி’ என்று ஏன் சொல்லக்கூடாது என்று சிலர் கேட்கக்கூடும். அது கூடாது; புழு உறங்குவதில்லை. 1970களில் கனடாவில், அலேரியா பேரினத்தைச் சேர்ந்த வேறொரு புழுவின் மீசோசெர்கேரியாக்கள் உடலெங்கும் பரவி ஒருவர் இறந்திருக்கிறார். அங்கே மனிதரே தங்குநிலை விருந்தோம்பி.

என் சொல்லுக்கு எதிராக ஒரு தடையையும் நானே எழுப்பிவிடுகிறேன். ட்ரைக்கினெல்லாவின் இளம்புழுவும் பன்றித் தசையில் தங்கத்தானே செய்கிறது? ஆனால் அதன் தாய்ப்புழு அதே பன்றியின் குடலில் முதிர்ந்து ஈன்ற குட்டி அது. தசைக்குள் புகுந்த பிறகும் வளர்ந்தே தொற்றும் திறனைப் பெறுகிறது. அங்கே ஒரே பன்றி முதல்நிலையாகவும் இடைநிலையாகவும் இருக்கிறது. எனவே தங்குதல் மட்டும் போதாது, வளர்ச்சியின்மையையும் வரையறையில் சேர்த்தாக வேண்டும்.

அகராதிக்கு இப்படி எழுதலாம்: ‘தங்குநிலை விருந்தோம்பி: ஒட்டுண்ணியின் இளம்பருவம் மேற்கொண்டு வளராமல், தொற்றும் திறனை இழக்காமல் உயிர்வாழ இடந்தரும் உயிரி, ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சிக்கு இன்றியமையாததன்று.’ ‘விருந்துவழங்கி’ என்று எழுதும் இலங்கை நண்பர்கள் ‘தங்குநிலை விருந்துவழங்கி’ என்று கொள்வதில் இடையூறு ஏதும் உண்டா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.