நத்தார் மேசைக்கு வீட்டுப் பழைய மெழுகுதிரித் தாங்கிகளை எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடற்கரைத் தெரு
எங்களுடையது பித்தளைச் சோடி. சதுர அடி, வளையம் வளையமாகத் தண்டு, அடியில் பச்சைத் துணி ஒட்டியது. பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அம்மம்மா நத்தாருக்கு மட்டும்தான் வெளியில் எடுப்பார். 2004 நத்தார் இரவுச் சாப்பாட்டுக்கும் மேசையில் இருந்தது. மறுநாள் காலை கடல் வந்தபோதும் அங்கேதான் இருந்தது. பிறகு வளவுக்குள் ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. அம்மம்மா அதைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி றங்குப் பெட்டிக்குள் வைத்தார். அவர் இருக்கும்வரை அது மேசைக்கு வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த மார்கழியில்தான் பெட்டியைத் திறந்தேன். பச்சைத் துணி எப்போதோ போய்விட்டது. தண்டும் அடியும் திருகாணியில் பூட்டியவை, துடைப்பதற்காகக் கழற்றினேன். புது மேசைவிரிப்பில் மணல் கொட்டியது. ஒரு கரண்டி அளவு இருக்கும். காய்ந்த மணல், அதற்குள் உடைந்த சிப்பி. மகள் தட்டிவிட வந்தாள், அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் கடலைத் தெரியாது.

இப்போது மணல் ஒரு போத்தலில் இருக்கிறது. ஒற்றைத் தாங்கியை நத்தார் மேசையில் வைக்கலாமா? மாமி கூடாது என்கிறார்.

டொக்யார்ட் பேரன்
அக்கா, வையுங்கள். கூடாது என்று எந்தப் பூசைப் புத்தகத்திலும் இல்லை.

எங்கள் வீட்டிலிருப்பது கப்பல் சாமான். சுவரில் மாட்டும் கை, அதில் வளையம், வளையத்துக்குள் தாங்கி தொங்கும், அடிப்பக்கம் பாரம். கப்பல் சாய்ந்தாலும் திரி நிமிர்ந்தே நிற்கும். அப்பப்பா திருகோணமலைக் கடற்படைக் கப்பல்துறையில், டொக்யார்டில், வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன காலத்தில் வீட்டுக்கு வந்தது என்று அப்பா சொல்வார். அடியில் சின்ன அம்புக்குறி குத்தியிருக்கிறது.

போன நத்தாருக்கு மழை, கரண்ட் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்து அதை எடுத்து, ஒரு பலகையில் பூட்டி மேசை நடுவில் நிறுத்தினேன். நினைவு தப்பிப்போன அப்பா எங்கள் பெயர்களையே மாற்றிச் சொல்கிறவர். அவர் கையை நீட்டி அடிப்பாரத்தை விரலால் சுண்டினார். தாங்கி ஆடியது. “ஆடும், விழாது, பயப்படாதே” என்றார். யாரிடம் சொன்னார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சின்ன வயதில் அப்பப்பா அவருக்கு அப்படித்தான் ஆட்டிக் காட்டியிருக்க வேண்டும்.

உவர்மலை
தம்பி, அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்குக் குத்துகிற அடையாளம். அது வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டுப் பார்த்தீர்களா? பரம்பரைச் சொத்து என்று சொல்ல முதல் யோசிக்க வேண்டும்.

டொக்யார்ட் பேரன்
அண்ணை, அம்புக்குறி இருந்தால் களவு என்று அர்த்தமில்லை. அரசாங்கம் வேண்டாம் என்று விற்ற சாமானிலும் அந்தக் குறி இருக்கும். இந்த ஊரில் பழைய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், டொக்யார்ட் மேசை, டொக்யார்ட் கதிரை எல்லாம் கிடக்கும். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்றைக்கும் உள்ளே வேலைக்கு நின்ற மனிதர் அவர். அவரைப் பற்றி இங்கே அப்படிப் பேச வேண்டாம்.

பாலையூற்று மருமகள்
சண்டை வேண்டாமே. என் கதை சின்னது. மாமியின் மாமியாருடைய வெள்ளித் தாங்கிகள். நத்தாருக்கு உதவி செய்ய வந்த உறவுக்காரர் ஒருவர் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். அது வெள்ளி முலாம்தான். விளிம்பெல்லாம் முலாம் போய், கீழேயிருந்த மங்கின உலோகம் தெரிந்தது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. விளிம்பை மட்டும் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அந்த விரல் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஈ.பி.என்.எஸ். (EPNS) என்று இருந்தால் முலாம். அதற்குப் புளி, சாம்பல், பிராசோ பொலிஷ் எதுவுமே வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மெல்லிய துணி போதும். அடி பாரமாக இருந்தால் தண்ணீரில் ஊற வைக்கவும் கூடாது. சில வெள்ளித் தாங்கிகளுக்குள் தார் மாதிரி ஒன்றை நிரப்பியிருப்பார்கள், சூடு பட்டால் இளகிவிடும். பித்தளைக்குப் புளி சரி, ஆனால் தேய்த்த உடனே கழுவிவிட வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளிப்பு நெடுநேரம் நின்றால் துத்தநாகம் அரித்துப்போய் ரோசா நிறத் திட்டு விழும், பிறகு அது லேசில் போகாது. பழைய மெழுகைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். சின்னத் தாங்கி என்றால் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் கொஞ்ச நேரம் வையுங்கள், மெழுகு சுருங்கித் துண்டாகக் கழன்று வரும். தண்டின் பக்கத்தில் சின்னக் குமிழோ, அடியில் ஒரு கம்பியோ இருந்தால் அதைத் தள்ளிப் பாருங்கள். சில பழைய ஆங்கிலத் தாங்கிகளில் மிச்சத் திரியை வெளியே தள்ள அப்படி வைத்திருப்பார்கள்.

கடற்கரைத் தெரு அக்கா, உப்புத் தண்ணீர் பட்டது என்றீர்கள். உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். உப்பு உள்ளே இருந்தால் அரித்துக்கொண்டே போகும்.

உவர்மலை
பேரன் தம்பி, உங்கள் அப்பப்பாவைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் 1990 போர்க்காலத்தில் போய்விட்டது. திரும்பி வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அம்புக்குறியோ பூக்குறியோ, ஒன்றாவது மிஞ்சிய வீட்டைக் கண்டால் எனக்குப் பேச்சு கொஞ்சம் தடித்து வந்துவிடுகிறது.

கடற்கரைத் தெரு
மருமகள் தங்கச்சி, கழுவிவிட்டேன், வெயிலில் காய்கிறது. அந்தப் பெருவிரல் கதையை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ஒற்றையாக வைக்கலாம், ஆனால் மேசை நடுவில் இல்லை, அம்மம்மா இருந்த தலைமாட்டுக் கதிரைப் பக்கம் வை என்கிறார். சரி என்றேன். இப்போது கடையில் வாங்கின மெழுகுதிரி குழிக்குள் லொடலொடக்கிறது. என்ன செய்வது?

பாலையூற்று மருமகள்
கடதாசி சுற்றாதீர்கள், திரி எரிந்து இறங்கினால் பற்றும். அலுமினியத் தாளை ஒரு விரல் அகலத்துக்கு மடித்துத் திரியின் அடியில் இறுக்கிச் சுற்றிச் செருகுங்கள். வாடைக்காற்று அடிக்கிற பக்கத்து யன்னலைச் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மெழுகு ஒருபக்கமாக வழிந்து மேசைவிரிப்பு போய்விடும்.